மூணு மணி மழை

கோகிலவாணி தலையில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருந்த தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்து அப்பா எங்கே என்று ஸ்பானிஷில் கேட்டதும், அதுகள் இரண்டும் ஒரே குரலில் "பப்பா எஸ்தா என் வீகோ", அதாவது அப்பா வீகோவில் இருக்கிறார் என்று சொன்னதும், அந்த வீட்டின் மேல் மட்டும் மழை பெய்ய ஆரம்பித்ததும் ஒரு புதன்கிழமை மூணு மணிக்கு நடந்தது. வியாழக்கிழமை மூணு மணிக்கும் நடந்தது. வெள்ளிக்கிழமையும் தப்பாமல் நடந்ததால் சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு சரசு அக்கா, நனைந்த துணியை வாளியோடு இடுப்பில் வைத்துக்கொண்டு விவரம் கேட்க வந்தாள்.

"ஏனம்முணி, இன்னிக்கு ஸ்பானிஷ் உண்டா?"

"சனிக்கிழமை இங்கிலீஷ் மட்டுந்தானுங்க்கா."

"அப்பச் சேரி, உன்ற வாசக்கொடியில காயப்போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏன் பெய்கிறது, எப்படிப் பெய்கிறது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. திருப்பூரில் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ஷிப்மென்ட் நெருங்கினால் சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளே மறந்துபோகிற ஊர். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் வீதியில், தினமும் ஒரு மணி நேரம் வானத்திலிருந்து வருகிறதென்றால், வரட்டும் என்று குடத்தை வைப்பார்களா, உட்கார்ந்து யோசிப்பார்களா.

கோகிலவாணியின் வீட்டுக்காரன் ரகுபதி, பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு ஆளை நின்றபடி பார்த்தே தோள் அளவு சொல்லிவிடுவான். அப்படிப்பட்ட கைக்காரன் ஸ்பெயினில் வீகோ என்கிற கடலோர ஊரில் உட்கார்ந்து மாதிரி வெட்டிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு வெளிநாட்டுக்காரன் கூப்பிட்டான். வீதியே மாலை போட்டது. வீதி முனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள், அதில் ரகுபதிக்குப் பின்னால் விமானமும் விமானத்துக்குப் பின்னால் காளைமாடும் இருந்தன. போகும்போது அவன் கோகிலவாணியிடம் சொன்னது இதுதான்: ஆறே மாசத்தில் உங்களையும் கூப்பிட்டுக்கொள்வேன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டு அப்புறம் டிசிக்கு அலையாதே, அங்கே ஸ்பானிஷும் வேண்டும் இங்கிலீஷும் வேண்டும், ரெண்டையும் வீட்டிலேயே சொல்லிக்கொடு. ஆறு மாசம் ஒரு வருஷமாகி, ஒரு வருஷம் இரண்டாகி, சஷ்டிகாவுக்கு ஏழு வயசும் மித்ரனுக்கு ஐந்து வயசும் ஆகிவிட்டது, இரண்டும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. அவள் அவன் வாயை நம்பித்தான் பிள்ளைகளை வீட்டில் வைத்திருந்தாள். அந்த வாய் பொய்த்துப்போனால் பிள்ளைகளின் இரண்டு வருஷம் அவள் கணக்கில்தான் வரும், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பனியன் கம்பெனிக்குப் போனவளுக்கு ஸ்பானிஷ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், லேபிளிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எட்டு வருஷம் அவள் பவர் டேபிளில் உட்கார்ந்து சட்டைகளின் உள்பக்கம் சலவைக் குறிப்பு லேபிள் வைத்துத் தைத்தவள். மேலே இங்கிலீஷில் இருக்கும், கீழே அதையே ஸ்பானிஷில் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு லேபிள் தைத்தால் எந்தக் கல்லுக்கும் பாஷை ஏறத்தானே செய்யும். ரிஜெக்ட் ஆன லேபிள்களை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அதுதான் பிள்ளைகளுக்கு முதல் பாடப்புத்தகம். அ, ஆ படிக்கிற வயசில் சஷ்டிகா, குளிர்ந்த நீரில் துவைக்கவும், வெளுப்பான் போடாதீர், நிழலில் உலர்த்தவும், உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடவும் என்று இரண்டு பாஷையிலும் மூச்சுவிடாமல் சொல்வாள். மித்ரனுக்கு ஒத்த நிறங்களோடு துவைக்கவும் என்பது மட்டும் நாக்கில் நிற்கவில்லை, மற்றதெல்லாம் தண்ணிப்பட்ட பாடு. மிச்ச ஸ்பானிஷை அவள் போனில் கேட்டுக் கேட்டு, பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் படித்துப் படித்து ஒப்பேற்றினாள்.

இரண்டு பாஷையும் ஒன்றோடொன்று கலந்து சாம்பாரும் பாயசமுமாகிவிடக் கூடாது என்பதற்காக அவளே ஒரு முறை வைத்திருந்தாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தலையில் ஒன்றுமில்லாமல் இருந்தால் அம்மா இங்கிலீஷ். மூணிலிருந்து நாலு வரை பனியன் வேஸ்ட்டிலிருந்து எடுத்த சிவப்புத் துணியைக் கட்டியிருந்தால் ஸ்பானிஷ். சாப்பிடுவதற்கும், திட்டுவதற்கும், தூங்கவைப்பதற்கும் தமிழ். இந்தச் சட்டத்தைப் பிள்ளைகள் அப்படிக் கடைப்பிடித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்க அவள் அந்தத் துணியைத் தலையில் சுற்றியதற்கு, மித்ரன் பசிக்கிறது என்பதை அழுதுகொண்டே ஸ்பானிஷில் சொன்னான்.

மழை விவகாரம் வந்ததும் வீதி அதற்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொண்டது. மழையின் அளவு இவ்வளவுதான்: கோகிலவாணியின் ஓட்டுவீடு முழுக்க, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் பாதி, வீதியில் மூன்று முழம். வீட்டுச் சொந்தக்காரர் குப்பணன் ஓட்டோரத்தில் தகரம் அடித்துக் குழாய் வைத்து வீதிக்கே பங்கு விட்டார். இரண்டே முக்காலுக்கு வீதியில் குடங்கள் வரிசை கட்டும், பிள்ளைகள் பாயில் உட்கார்ந்தார்களா என்று ஜன்னல் வழியாக ஒரு தலை எட்டிப்பார்த்துச் சொல்லும். அந்தத் தண்ணீருக்கு ஸ்பானிஷ் தண்ணி என்று பேர் வந்தது. அதில் துவரம்பருப்பு இரண்டு விசிலில் வெந்தது, சோப்பு நுரைத்துக்கொண்டு நின்றது, டீ மாஸ்டர் தன் கடைக்கு இரண்டு குடம் பிடித்துப் போனார். துணியை ஸ்பானிஷில் ஊறவைத்து மறுநாள் இங்கிலீஷில் காயப்போடுவது என்பது பெண்களுக்குள் வழக்கமாகிவிட்டது. இங்கிலீஷ் வகுப்பில் மட்டும் ஏன் ஒன்றும் பெய்யவில்லை என்று ஒரே ஒரு ஆள், சாயப்பட்டறை மாஸ்டர் மயிலானந்தன் கேட்டார். இங்கிலீஷ் இந்த ஊர் வானத்துக்குப் பழகிப்போன பாஷை, அதற்கெல்லாம் அது அசையாது என்று சரசு அக்கா சொன்னதை அவரும் ஒப்புக்கொண்டார். பிள்ளைகளில் ஒன்றுக்குச் சளி பிடித்தால் வீதியின் ஏழு வீடுகளிலிருந்து ரசம் வந்தது. அதில் பாசம் எவ்வளவு, குடம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம்.

கோகிலவாணிக்கு அந்த மழை வேறு. அது குளிர்ந்த மழை, லேசாகக் கடல் வாடை அடிக்கும், கடலே இல்லாத ஊரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரகுபதி போன் பண்ணும்போது, அங்கே எந்நேரமும் மழைதான், பஸ் ஸ்டாப்பில் நின்றால் குடை திருப்பிக்கொள்கிறது என்று சொல்வான். இங்கே மூணு மணி என்றால் அங்கே காலை பத்தரை. பிள்ளைகள் லேபிளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவள் ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொள்வாள். அவர் மேல் விழுந்துகொண்டிருக்கிற மழை தன் கையிலும் விழுகிறது என்று நினைப்பாள். அழுகை வரும். சிவப்புத் துணியின் நுனியில் துடைத்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போவாள்.

பங்குனி மாதத்தில், மாநகராட்சிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஜெயசீலி டீச்சர் பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்தார். அவரிடம் ஒரு படிவம் இருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சஷ்டிகா, அப்போது மணி பதினொன்று ஆனதால், இங்கிலீஷில் மென்மையான துணிகளைத் தனியே துவைக்கவும் என்று சொன்னாள். டீச்சர் படிவத்தை மேலும் கீழும் தேடினார். அதில் அதற்குக் கட்டம் இல்லை.

"பாப்பா நல்லாப் படிக்கிறாம்மா. ஆனா ரெண்டாம் வகுப்புல இருக்கணும். எப்பப் போறீங்க ஸ்பெயினுக்கு?"

"ஜூனுக்குள்ளங்க, டீச்சர்."

"அப்படீங்களா? போன தடவை வந்தப்ப தீபாவளிக்குள்ளன்னீங்க" என்று சொல்லிவிட்டு, படிவத்தைக் கிழிக்காமல் மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை லேபிள் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு, குடமெல்லாம் வரிசையில் இருக்க, அவள் கேட்டாள், பிள்ளைகள் அப்பா வீகோவில் இருக்கிறார் என்று சொன்னார்கள், மழை வரவில்லை. இன்னொரு முறை சொன்னார்கள். வானம் கழுவித் துடைத்த சட்டி மாதிரி இருந்தது. நாலு மணிக்குக் குடங்கள் காலியாகவே வீட்டுக்குப் போயின.

புதன்கிழமையும் இல்லை, வியாழனும் இல்லை என்றானதும் வீதி கூடியது. சாமிக்குத்தம், கண்ணேறு என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. அந்த வீதியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கம்பெனி ஆட்கள். ஓடிக்கொண்டிருந்த சரக்கு திடீரென்று நின்றால் அது குவாலிட்டி பிரச்சினை, இதில் பேச என்ன இருக்கிறது. ஃபைனல் செக்கிங்கில் இருபது வருஷம் நின்ற சரசு அக்கா, பேடும் பேனாவுமாக வந்து பாயின் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லச் சொல்ல பாஸ், ஆல்டர், ரிஜெக்ட் என்று மூன்று கட்டம் போட்டுக் குறித்தாள். அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஆனால் போன வாரம் வரை பெய்த வார்த்தை எப்படி இருந்தது என்று காதில் நின்றிருந்தது. பழுது இருக்கும் இடத்தைக் காட்டத் துணியில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை, நாக்கு சரியாகப் புரளவில்லை என்று மித்ரனின் கன்னத்தில் ஒட்டினாள். மயிலானந்தன் மாஸ்டர் கோகிலவாணியின் தலைத்துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துவைத்துத் துவைத்துச் சாயம் இறங்கிவிட்டது, ஷேடு மாறினால் எப்படிப் பெய்யும் என்று சொல்லி, பட்டறையிலிருந்து மூன்று சிவப்பில் மாதிரி போட்டுக் கொண்டுவந்தார். மூன்றையும் மூன்று நாள் கட்டிப் பார்த்தார்கள். பாயை வடக்கே திருப்பிப் போட்டார்கள். ஒரு வாரம் வகுப்பை இரண்டு மணி நேரமாக்கிப் பார்த்தார்கள்.

இதில் நசுங்கியது சஷ்டிகா. மித்ரனுக்கு அம்பு ஸ்டிக்கர் பிடித்திருந்தது, இன்னொன்று கேட்டு வாங்கி மூக்கில் ஒட்டிக்கொண்டான். அவள் அப்படி இல்லை. ஏழு வயசுப் பிள்ளை, வீதியே குடத்தோடு தன் வாயைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்ததும் சாப்பாடு இறங்காமல் போனது. குளிக்கும்போதும், தலை வாரும்போதும், தமிழுக்கு ஒதுக்கிய சாப்பாட்டு நேரத்திலும் அந்த ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா வீகோவில் இருக்கிறார், அப்பா வீகோவில் இருக்கிறார், தொண்டை கட்டிக் குரல் கரகரக்கும் வரை சொன்னாள்.

ரகுபதி ஞாயிறு தவறாமல் போன் பண்ணினான், முகம் காட்ட மட்டும் நெட்வொர்க் சரியில்லை என்றான். மழையா என்று கேட்டால் செம மழை என்றான். அங்கே பெய்து இங்கே பெய்யவில்லையே, அவருக்கும் எனக்கும் நடுவில் என்னவோ அறுந்துவிட்டது என்று முதலில் அவள் தன்னையே நொந்துகொண்டாள். ஆறாவது ஞாயிறு மத்தியானம், ஒரு வாய் சோற்றை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்த சஷ்டிகா, அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"நான் சரியாத்தாம்மா சொல்றேன்."

"நீ சரியாத்தான் சொல்ற சாமி" என்று சொன்ன கோகிலவாணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை சரியாகத்தான் சொல்கிறாள். லேபிள் சரியாக இருக்கிறது, தையல் சரியாக இருக்கிறது, ஷேடும் சரிதான். அப்படியானால் உள்ளே இருக்கிற சரக்குதான் வேறு. இத்தனை நாள் வீதியே லேபிளைச் சோதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. மழையா என்று கேட்டாள். கொட்டுது, குடையே திருப்பிக்கிச்சு என்றான்.

"ஏனுங், நீங்க இப்ப எங்க இருக்கறீங்க?"

அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

"கரூர்ல" என்றான்.

அவனுக்கு வேலை கொடுத்த இடத்தில் ஆர்டரையெல்லாம் வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டு, பேட்டர்ன் போட ஆள் வேண்டாம் என்று டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்களாம். விமானம் ஏறி இறங்கியவனுக்கு, மாலை போட்ட வீதிக்குள் பெட்டியோடு எப்படி நுழைவது என்று தெரியவில்லை. ஏன் வந்தே, என்ன சம்பாதிச்சே, பொண்டாட்டி பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போறேன்னியே என்று கேட்பார்களே என்று, கரூரில் ஒரு சிநேகிதனின் பேக்கிங் யூனிட்டில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டு அங்கேயே படுத்திருக்கிறான். இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"இன்னிக்கோட நாப்பத்தியோரு நாள்" என்றாள் அவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க மழை நின்னு நாப்பத்தியோரு நாளாச்சு."

அவளுக்கு வந்த கோபத்தில் போனை உரலில் போட்டு இடிக்க வேண்டும்போல் இருந்தது. வேலை போனதற்கு அவள் கோபப்படவில்லை. திருப்பூரில் வேலை போகாத வீடு எது. "தப்பு தன்னோடதுன்னு உங்க பிள்ளை தொண்டை கிழியக் கத்திட்டிருக்கறா. எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்து அவகிட்டச் சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இங்கிலீஷ் வகுப்பு நடக்கவில்லை. அவள் லேபிள் பெட்டியைத் திறந்து மடித்த படிவத்தை எடுத்து, பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு, ஜெயசீலி டீச்சரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சஷ்டிகா ரெண்டாம் வகுப்பு, மித்ரன் ஒண்ணாம் வகுப்பு என்று அவளே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்பா வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் நினைக்கவில்லை. டீச்சர் முத்திரை குத்தினார்.

இரண்டரை மணிக்குக் கரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, விமானச் சீட்டுக் கட்டிய பெட்டியை இழுத்துக்கொண்டு ரகுபதி வீதிக்குள் வந்தான். குடத்தோடு நின்றவர்கள் அவனைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள், மறுபடி அவனைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, என்ன கொண்டுவந்தாய் என்றும் கேட்கவில்லை. நாற்பத்தியொரு நாள் கரூரில் படுத்துக்கொண்டு பதில் தயார் செய்தவனுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை பாவம். மயிலானந்தன் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரசு அக்காதான் வாயைத் திறந்தாள்.

"ஏந்தம்பி, சித்திரை வைகாசி கழியற வரைக்குமாச்சும் அங்கயே இருந்திருக்கப்படாதா?"

அவன் பெட்டியை வாசலில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினான். இருந்தாலும் மூணு மணிக்குக் குடங்களை யாரும் எடுக்கவில்லை, கையும் காலும் பழகிப்போன பழக்கம். அவன் உள்ளே வந்து, பாயில் பிள்ளைகளுக்குக் கடைசியில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தான். இரண்டு வருஷம் அங்கே இருந்தும் கத்தரிக்கோலோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவன், ஸ்பானிஷில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் அவனுக்கு வராது. மித்ரன் தன் மூக்கிலிருந்த அம்பு ஸ்டிக்கரைப் பிய்த்து அவன் நெற்றியில் ஒட்டினான். ரகுபதி அதை எடுக்காமல் சஷ்டிகாவைப் பார்த்துச் சொன்னான்:

"நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல சாமி. நாந்தான் அங்க இல்ல."

அவள் அப்பாவின் நெற்றியிலிருந்த அம்பைப் பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை. அழவும் இல்லை. கோகிலவாணி பழைய துணியையே, சாயம் இறங்கிய அந்தச் சிவப்பையே எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, வழக்கம்போல முதல் கேள்வியைக் கேட்டாள். அப்பா எங்கே?

மித்ரன் அக்காவைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே வீதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சஷ்டிகா வாயைத் திறந்து, மூடி, கட்டிய தொண்டையைச் செருமிக்கொண்டு, புதிதாக ஒரு வார்த்தையைப் போட்டுச் சொன்னாள்.

"பப்பா எஸ்தா அகீ."

அப்பா இங்கே இருக்கிறார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சித்திரை மாதத்து மூணு மணி வெயில் ஓட்டின் மேலும், பக்கத்து மொட்டைமாடியின் மேலும், வீதியின் மேலும், ஊர் முழுக்க அடித்தது. நன்றாகச் சுள்ளென்று அடித்தது.

ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். சரசு அக்கா மட்டும் கொஞ்சம் நின்று, பேடைப் புரட்டி, சஷ்டிகாவின் பேருக்கு நேராகப் பாஸ் என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பிறகு தன் வாளியிலிருந்த ஈரத்துணிகளை எடுத்து உதறி, கோகிலவாணி வீட்டு வாசல் கொடியில் ஒவ்வொன்றாகப் போட்டாள். நாலு மணிக்கு ஸ்பானிஷ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வருவதற்குள் அத்தனையும் காய்ந்துவிட்டது.